கடற்பாசியில் அடுப்பு எரியுமா? கடற்பாசி ஆய்வும் உயிரிச் சக்தியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கடற்பாசி ஆய்வு என்று பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். நோன்பு காலத்தில் நிறம் நிறமாகச் செய்து துண்டு போடும் கடற்பாசியைத்தான் சொல்கிறீர்களா என்பது ஒன்று. மற்றையதை, 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர்கள் கேட்பார்கள்: சுற்றிவரக் கடல் இருக்கிறதே, அதில் முளைப்பதைக் கொண்டு அடுப்பை எரிக்க முடியாதா? முதற்கேள்விக்கு விடை சுருக்கமானது. இரண்டாவதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடற்பாசி என்று சரியாக எதைச் சொல்கிறோம்?

வேர், தண்டு, பூ எதுவும் இல்லாமல், உடல் முழுவதாலும் நீரிலிருந்தே ஊட்டத்தை உறிஞ்சி, ஒளித்தொகுப்பினால் வாழும் பெரிய அல்காக்களே கடற்பாசிகள். நிறத்தை வைத்து அவற்றைப் பச்சை, சிவப்பு, பழுப்பு என மூன்று கூட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். இப்பிரிவு வெறும் நிறம் சார்ந்ததல்ல. ஒவ்வொரு கூட்டமும் தன் உடலைக் கட்டுவதற்கும் சேமித்து வைப்பதற்கும் பயன்படுத்தும் மாச்சத்து வேறு. சிவப்புப் பாசிகளில் ஏகாரும் கராஜீனனும், பழுப்புப் பாசிகளில் அல்ஜினேற்றும் மனிற்றோலும், பச்சைப் பாசிகளில் உல்வானும் இருக்கின்றன. இப்பக்கத்தில் பின்னர் வரும் பல சிக்கல்களுக்கும் வாய்ப்புகளுக்கும் இந்த வேறுபாடே காரணம்.

கடற்புல் வேறு. அது பூக்கும் தாவரம். அதற்கு வேரும் உண்டு. வடக்கில் கரையொதுங்கும் குவியலைச் சாதாளை என்பார்கள். அதில் கடற்புல்லும் பாசியும் கலந்தே கிடக்கும்.

நோன்புக் கடற்பாசியும் இதுவும் ஒன்றா?

ஆம். கடையில் இழையாகவோ தூளாகவோ வாங்குவது சிவப்புப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த ஏகார். இலங்கைக்கு இதில் பழைய உரிமை ஒன்று உண்டு. புத்தளம், திருகோணமலைப் பக்கங்களில் கிடைக்கும் கிறசிலாரியா இனத்தைத் தமிழில் கஞ்சிப்பாசி என்றார்கள். வெளிநாட்டு வணிகர்களுக்கு அது ‘சிலோன் மொஸ்’.

சமையலறையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு ஏகார் போன கதையும் சொல்லத்தக்கது. ஜேர்மனியில் ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பற்றீரியாக்களை வளர்க்கப் பயன்பட்ட ஜெலற்றின் வெப்பத்தில் உருகிவிடுவதாகச் சிரமப்பட்ட வால்தர் ஹெஸ்ஸவிடம், அவருடைய மனைவி ஃபானி, தான் பழச்சாற்றுப் பாகுக்குச் சேர்க்கும் ஏகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது 1881 ஆம் ஆண்டளவில். யாவாவில் வாழ்ந்திருந்த ஓர் ஒல்லாந்து அயலவரிடமிருந்து அவர் அந்தப் பக்குவத்தைக் கற்றிருந்தார். இன்றும் எந்த மருத்துவ ஆய்வுகூடத்திலும் கிருமி வளரும் தட்டில் இருப்பது அந்தப் பாகுதான். உயிரினங்களிலிருந்து பொருள்களையும் சக்தியையும் பெறுவதைக் குறிக்கும் உயிரிப் பொருளாதாரம் என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே கடற்பாசி அதற்குள் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பல்கலைக்கழகங்கள் கடற்பாசியை எரிபொருளாக ஏன் பார்க்கின்றன?

கரும்பு, சோளம் போன்றவற்றிலிருந்து எரிபொருள் எடுத்தால் வயலும் நன்னீரும் பசளையும் உணவிலிருந்து பறிபோகின்றன. கடற்பாசிக்கு இம்மூன்றும் வேண்டியதில்லை. அத்துடன், மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின் என்ற பொருள் பாசியில் ஏறக்குறைய இல்லை. வைக்கோலையோ மரத்தூளையோ நுண்ணுயிர்களால் உடைக்க முடியாமல் தடுப்பது அந்த இலிக்னினே. ஆகவே காற்றுப்புகாத கலனில் பாசியை இட்டால் நுண்ணுயிர்கள் அதை ஒப்பீட்டளவில் எளிதாகச் செரித்து, மெதேன் மிகுந்த எரிவாயுவான உயிர்வாயுவாக மாற்றுகின்றன. கப்பாபைக்கஸ் என்ற சிவப்புப் பாசி போன்ற இனங்கள் வளரும் வேகமும் ஒரு கவர்ச்சி. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் கரையில் பன்னிரண்டு அடிச் சதுர மூங்கில் மிதவை ஒன்றில் ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசியைக் கட்டிவிட்டால், 45 நாட்களில் அது 200 கிலோவைத் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் ஒரு தொன் பாசியிலிருந்து எவ்வளவு வாயு கிடைக்கும்?

இக்கணக்கைப் படிப்படியாகச் செய்து பார்ப்பது நல்லது, ஏனெனில் இத்துறை பற்றிய மிகையான நம்பிக்கையும் மிகையான அவநம்பிக்கையும் இதைச் செய்யாததால்தான் வருகின்றன.

கடலிலிருந்து எடுத்த பாசியில் 80 முதல் 90 சதவீதம் வரை நீர். ஒரு தொன் ஈரப்பாசியில் உலர்பொருள் 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த உலர்பொருளிலும் உப்பும் கனியங்களும் கணிசமானவை. எரித்தால் சாம்பலாக எஞ்சும் பகுதி 20 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். 35 சதவீதத்தைக் கழித்தால், நுண்ணுயிர் உண்ணக்கூடிய சேதனப் பொருள் 78 கிலோ. ஒரு கிலோ சேதனப் பொருளிலிருந்து 0.2 கனமீற்றர் மெதேன் என்பது நியாயமான மதிப்பு. ஆய்வுகளில் இதைவிடக் குறைவாகவும் கூடுதலாகவும் கிடைத்திருக்கிறது. ஆக, ஏறக்குறைய 15.6 கனமீற்றர் மெதேன். கனமீற்றருக்கு 36 மெகாயூல் என்றால் மொத்தம் 560 மெகாயூல். நமது அடுப்பு வாயுவின் ஒரு கிலோவில் இருப்பது 46 மெகாயூல். வகுத்துப் பார்த்தால் 12.2 கிலோ.

அதாவது, ஒரு தொன் ஈரப்பாசி ஒரு 12.5 கிலோச் சிலிண்டருக்குச் சமம். மேலே சொன்னவை போன்ற ஏழு மிதவைகளை ஒன்றரை மாதம் பராமரித்து அறுவடை செய்தால், விதைக்கு எடுத்து வைத்தது போக, உங்கள் வீட்டுக்கு ஒரு சிலிண்டர்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் விவசாய அமைப்பின் கணக்குப்படி, 2019 இல் உலகம் முழுவதும் கிடைத்த அல்கா 35.8 மில்லியன் தொன். அதில் 97 சதவீதம் பயிரிடப்பட்டது; பெரும்பகுதி சீனாவிலும் இந்தோனேசியாவிலும். அவ்வளவையும் உணவுக்கோ மருந்துக்கோ விடாமல் வாயுவாக்கினாலும், மாதம் ஒரு சிலிண்டர் எரிக்கும் 30 இலட்சம் வீடுகளுக்கு ஓராண்டு போதும். இலங்கையில் உள்ள வீடுகளின் தொகை அதைவிட அதிகம்.

வாயுவாக்காமல், உலர்த்தி விறகுபோல எரித்தால் என்ன?

வெயில் இலவசமாக உலர்த்தித் தரும்வரை எரிக்கலாம். ஆனால் எரியாத உப்பு அடுப்பையும் கொதிகலனையும் அரிக்கும், சாம்பல் உருகிக் கட்டியாகும். எரிபொருள் செலவழித்து உலர்த்துவது என்றால் கணக்கு இன்னும் மோசம். ஒரு தொன்னிலுள்ள 880 கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,000 மெகாயூல் வேண்டும். அது, அதே தொன்னிலிருந்து மெதேனாகக் கிடைக்கும் சக்தியின் மூன்றரை மடங்கு. ஈரத்தோடு ஈரமாகவே செரிக்கவிடும் முறையை ஆய்வாளர்கள் விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. ஈரத்துடன் நெடுந்தூரம் ஏற்றிவருவதும் கட்டாது: பூநகரியிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வருவதில் பெரும்பகுதி தண்ணீர்.

பெற்றோலுடன் கலக்கும் எதனோலைப் பாசியிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பழக்கமான மதுவம் இதற்கு ஒத்துவராது. கருப்பஞ்சாற்றுச் சீனியை நொதிக்கவைக்கும் மதுவத்துக்குப் பழுப்புப் பாசியின் அல்ஜினேற்றைத் தொடவே தெரியாது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2012 இல், அல்ஜினேற்றை உடைத்து உள்ளெடுத்துச் செரிக்கும் மரபணுக்களைக் கடற்பற்றீரியா ஒன்றிலிருந்து எடுத்து ஈ.கோலை பற்றீரியாவுக்குள் பொருத்தி, பழுப்புப் பாசியிலிருந்து நேரடியாக எதனோலைப் பெற்றுக் காட்டினார்கள். அது அழகான விஞ்ஞானம். எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்த விஞ்ஞானம் அல்ல.

பாசியை உடைக்கும் இத்தகைய மரபணுக்கள் பற்றிய ஒரு துணைச்செய்தி: ஜப்பானியரின் குடலில் வாழும் சில பற்றீரியாக்கள், பாசியின் மாச்சத்தை உடைக்கும் மரபணுவைக் கடற்பற்றீரியாக்களிடமிருந்து பெற்றிருப்பதாக 2010 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தலைமுறை தலைமுறையாக நோரி என்ற பாசியை உண்டதன் விளைவு. எதனோலுக்காகத் தேடும் கருவிகளை உணவுப் பழக்கம் ஏற்கனவே தேடி வைத்திருக்கிறது.

இதையெல்லாம் முன்பு யாரும் பெரிய அளவில் செய்து பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஐக்கிய அமெரிக்கா, கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் இராட்சதக் கெல்ப் பாசியை வளர்த்து மெதேன் எடுக்கும் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. ஆழத்திலிருந்து ஊட்டம் நிறைந்த நீரை மேலே இறைத்து, கட்டமைப்பொன்றில் பாசியை நட்டார்கள். அலையும் நீரோட்டமும் நட்டவற்றைப் பிடுங்கிப் போயின. 1980களில் எண்ணெய் விலை விழுந்ததும் திட்டமும் விழுந்தது. செரிக்கும் கலனில் நடந்தவை பயனுள்ள பாடங்களைத் தந்தன. கடலில் பயிரைப் பிடித்து வைத்திருப்பதே தோற்றது. 2017 இல் அந்நாட்டின் சக்தித் திணைக்களம் மீண்டும் கடற்பாசிக்கு நிதி ஒதுக்கியபோது, பெரும்பகுதி வளர்ப்பு, அறுவடைப் பொறியியலுக்கே போனது தற்செயல் அல்ல.

சக்தி இவ்வளவு குறைவு என்றால், ஆய்வு எதற்கு?

எரிபொருளை முதல் வரியில் எழுதுவதுதான் பிழை. அதைக் கடைசி வரியில் எழுதினால் கணக்கு மாறுகிறது.

தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயை முழுதாக அடுப்பில் போட்டு எரிப்பவர் எவரும் இல்லை. பருப்பு கறிக்கும் எண்ணெய்க்கும், மட்டை கயிற்றுக்கும் தும்புச்சோற்றுக்கும், சிரட்டை கரிக்கும் போன பின்னர் எஞ்சுவதே அடுப்புக்கு வருகிறது. கடற்பாசியை அதே ஒழுங்கில் பகுப்பதைத்தான் ஆய்வாளர்கள் உயிரிச் சுத்திகரிப்பு என்கிறார்கள். உயிரிப் பொருளாதாரம் என்று அரசுக் கொள்கைகள் பெயரிடுவதும் பெரும்பாலும் இந்த ஒழுங்கையே. ஐரோப்பிய ஒன்றியம் 2012 இலும், இந்தியா 2024 இலும் அவ்வாறான கொள்கைகளை வெளியிட்டன.

நமக்கு அருகிலுள்ள நல்ல எடுத்துக்காட்டு குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. கப்பாபைக்கஸை உலர்த்தாமல், பறித்த ஈரத்தோடு அரைத்துப் பிழிகிறார்கள். சாறு பயிர்களுக்குத் தெளிக்கும் ஊக்கியாகிறது. சக்கையிலிருந்து ஐஸ்கிறீமுக்கும் பற்பசைக்கும் சேர்க்கும் கராஜீனன் கிடைக்கிறது. உலர்த்தும்போது வீணாகப் போகும் நீரே இங்கு முதல் விற்பனைப் பொருள். அதன் பின்னர் மிஞ்சும் கழிவை வாயுவாக்கினால், அந்த வாயு ஆலையின் சொந்தக் கொதிகலனை எரிக்கும். அந்த அளவுக்கு அதை நம்பலாம். நாட்டின் சக்தித் தேவைக்கு விடையாக நம்ப முடியாது.

கடற்பாசிச் சாறு இரசாயனப் பசளைக்கு மாற்றாகுமா?

ஆகாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது இக்கேள்வி பலராலும் கேட்கப்பட்டது. சாற்றில் பொற்றாசியமும், வேர்விடுதலையும் தளிர்த்தலையும் தூண்டும் தாவர ஓமோன்களும் உண்டு. நெல் கேட்கும் அளவு நைதரசன் அதில் இல்லை. அது பயிருக்கு ஊக்கி, சோறு அல்ல.

மாட்டுக்குக் கொடுத்தால் வளிமண்டலம் குளிருமாமே?

அது அஸ்பரகொப்சிஸ் என்ற ஒரு சிவப்புப் பாசி பற்றிய செய்தி. மாடு அசைபோடும்போது வெளிவிடும் மெதேனை உருவாக்கும் நுண்ணுயிர்களின் நொதியத்தை, அப்பாசியிலுள்ள புரோமோபோம் தடுக்கிறது. அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகமும் அந்நாட்டு அரச விஞ்ஞான அமைப்பும் இதைத் தொடங்கிவைத்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2021 இல் வெளியிட்ட ஆய்வில், தீனியில் சிறிதளவு சேர்த்ததும் சில கட்டங்களில் மெதேன் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. புரோமோபோம் அளவு கடந்தால் நஞ்சு என்பதையும், தொழுவத்தில் தீனி தின்னும் மாட்டுக்குச் செய்வதைப் புல்வெளியில் மேயும் மாட்டுக்குச் செய்வது கடினம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வடக்கில் வளர்க்கும் கப்பாபைக்கஸ் அந்நிய இனமாயிற்றே, ஆபத்தில்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய இவ்வினம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் ஆழமற்ற கடலில் வளர்க்கப்படுகிறது. பூநகரிப் பக்கத்து வலைப்பாடு போன்ற ஊர்களில் அது பெண்களின் கைக்கும் வருமானம் சேர்க்கிறது. எதிர்க்கரையில், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே, இதே பாசி பண்ணையை விட்டுத் தப்பி முருகைக்கற்களின் மீது படர்ந்து மூடியதை 2008 இல் இந்திய ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். மூடப்பட்ட முருகைக்கு வெளிச்சம் கிடையாது, அது சாகும்.

முருகைக்கற்பாறைக்கு அண்மையில் பண்ணை போடாதிருப்பதும், பாறைகளை ஒழுங்காகச் சென்று பார்ப்பதும் குறைந்தபட்சக் காவல். அதனினும் நல்லது, நமது சொந்தக் கிறசிலாரியாவை விளைவிக்கக் கற்பது. இலங்கைக் கடற்பாசிகளை வகைப்படுத்தும் வேலை புதிதல்ல: அயர்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ஹார்வி 1853 இல் இங்கு வந்து பாசி சேகரித்தார், துரைரத்தினம் 1961 இல் நாட்டின் பாசியினங்கள் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். எங்கே எது வளர்கிறது என்ற அடித்தளம் இருக்கிறது. எதை எப்படிப் பயிராக்குவது என்பதுதான் அதன்மேல் கட்ட வேண்டியது.

வெள்ளவத்தைக் கரையில் பாசி படர்ந்து கிடக்கிறதே. அதைப் பயன்படுத்தலாமா?

பார்க்கலாம், படிக்கலாம், உண்ண வேண்டாம். வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் பாறைகளில் ஒட்டியிருக்கும் பச்சைத் தகடு பெரும்பாலும் உல்வா. நல்ல நீரில் வளர்ந்த உல்வா உணவுதான். ஆனால் பாசி தன்னைச் சூழ்ந்த நீரிலிருந்து உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும். களனி ஆறும் நகரத்துக் கால்வாய்களும் கொண்டுவந்து கொட்டுவதை நாம் அறிவோம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது பிளாஸ்டிக் குருணிகள் இக்கரையெங்கும் ஒதுங்கியதையும் மறந்திருக்க மாட்டோம். உலோகத்தை உறிஞ்சும் இதே இயல்பைக் கழிவுநீரைத் தூய்மையாக்கப் பயன்படுத்தலாம் என்பது வேறோர் ஆய்வுப் பாதை. அங்கு வளர்ந்த பாசியைப் பின்னர் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அவ்வாய்வு பதில் சொல்ல வேண்டும்.

பண்ணை போடுவதற்கும் இக்கரை ஏற்றதல்ல. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் அலையில் எந்த மூங்கில் மிதவையும் தாங்காது.

அப்படியானால் இதில் கொழும்புக்கு வேலையே இல்லையா?

உண்டு. பாசியைத் தனியாகச் செரிக்கவைப்பதில் இரண்டு இடைஞ்சல்கள்: உல்வா போன்றவற்றில் காபனுக்கு நைதரசன் விகிதம் பத்துக்கும் குறைவாக இருப்பதால் அமோனியா சேர்கிறது, பாசியிலுள்ள கந்தகம் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டாகி எஞ்சினை அரிக்கிறது. காபன் மிகுந்த வேறு கழிவோடு கலந்தால் விகிதம் 20 முதல் 30 வரை உயர்ந்து நுண்ணுயிர்களுக்கு இதமாகும்.

பார்படோஸ் தீவில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கேவ் ஹில் வளாகம் இதைத்தான் செய்கிறது. 2011 இலிருந்து கரீபியக் கரைகளை மூடத் தொடங்கிய சர்காசப் பாசியையும், றம் வடிசாலைகளின் கழிவுநீரையும், செம்மறிச் சாணத்தையும் கலந்து, வாகனம் ஓட்டும் வாயு எடுக்கிறார்கள். சர்காசத்தில் ஆசனிக்கு என்ற நச்சுப்பொருள் மிகுதி என்பதால் எஞ்சும் குழம்பை வயலில் இடுவதற்கு முன் யோசிக்கவும் வேண்டியிருக்கிறது. றம்முக்குப் பதில் நம்மிடம் தென்னஞ்சாராய வடிசாலைகள் உண்டு; பேலியகொடை மெனிங் சந்தையில் நாளாந்தம் மரக்கறிக் கழிவு உண்டு. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டன்று சரிந்து வீடுகளைப் புதைத்த நகரம் இது. இப்போது கெரவலப்பிட்டியில் 10 மெகாவாற்று ஆலை குப்பையை எரிக்கிறது. ஆனால் ஈரமான கழிவு எரிப்பதற்கல்ல, செரிப்பதற்கே உகந்தது. என் கணிப்பில், கொழும்பில் நடக்க வேண்டிய உயிர்வாயு ஆய்வில் சந்தைக் கழிவு சோறாகவும் பாசி உப்பாகவும் இருக்கும்.

கடற்பாசி காபனை உறிஞ்சிப் புவியைக் காக்கும் என்கிறார்களே?

இயற்கைப் பாசிக்காடுகளில் ஒரு பகுதி ஆழ்கடலுக்குப் போய்ப் புதைந்து காபனைப் பூட்டிவைக்கிறது. நாம் அறுவடை செய்து உண்பதும் எரிப்பதும் சில மாதங்களில் காபனீரொட்சைட்டாகத் திரும்பிவிடும். நிலத்தடி எண்ணெய்க்குப் பதிலாக அது எரிந்தால் மட்டுமே இலாபம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை இத்துறைக்குள் எப்படி நுழையலாம்?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தாவர விஞ்ஞானத் துறை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் துறை, மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடி மற்றும் கடல் விஞ்ஞானப் பீடம் என்பன நேரான வழிகள். மட்டக்குளி காக்கைதீவில், நாரா என்று அழைக்கப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமும் சமுத்திரப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரசாயனமும் பொறியியலும் படித்தவர்களுக்கும் இடமுண்டு. மேலே பார்த்தபடி, தீராத சிக்கல்களில் பாதி உயிரியல் சார்ந்தவை அல்ல.

பாடசாலை ஆய்வுகூடத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும், செலவும் சொற்பம். ஒரு கைப்பிடி உல்வாவை நன்னீரில் இருமுறை கழுவி உப்பை அகற்றி, பொடியாக நறுக்குங்கள். ஒரே அளவான மூன்று போத்தல்களை எடுத்து, மூன்றிலும் சம அளவு பசுஞ்சாணக் கரைசல் இடுங்கள். முதலாவதில் வேறெதுவும் வேண்டாம், இரண்டாவதில் பாசி, மூன்றாவதில் பாதி பாசியும் பாதி மரக்கறித் தோலும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாயை எடுத்து, சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலூடாகச் செலுத்தி, நீரின் மேல் கவிழ்த்த அளவுசாடியில் வாயுவைச் சேருங்கள். காபனீரொட்சைட்டைக் கரைசல் பிடித்துக்கொள்ளும்; சாடியில் சேர்வது பெரும்பாலும் மெதேன். அக்கரைசல் தோலை அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கையாளுங்கள். கொழும்பின் வெப்பநிலை செரிப்புக்குப் போதுமானது, சூடாக்கி தேவையில்லை. முதல் சில நாட்களில் வரும் வாயுவில் மெதேன் அதிகம் இராது. மூன்று, நான்கு வாரங்கள் பொறுத்து, சாடியின் அளவை நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்துவாருங்கள். முதற்போத்தலின் அளவை மற்ற இரண்டிலிருந்தும் கழித்த பின்னரே ஒப்பிட வேண்டும். போத்தலை இறுக மூடிவைத்தால் வெடிக்கும்; சேர்ந்த வாயுவைக் கொளுத்திப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.